மண்ணிலும் மரத்திலும் பிறவாத சிவப்பு

முன்னொரு காலத்தில், அரசர் சிரிப்பையே மறந்துபோன ஒரு நாட்டில், பிறரைச் சிரிக்க வைத்தே பிழைக்கும் ஒருவன் குடியிருந்தான். அவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவன் பெயர் வெண்காடன். அரண்மனை விகடகவி. ஒரு காலத்தில் அவன் சபைக்குள் நுழைந்தாலே பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொள்வார்கள். இப்போது அவன் தலையைக் கண்டால் வாயிற்காவலன்கூட வேறு பக்கம் பார்த்தான்.

காரணம், பட்டத்து இளவரசன் குணவீரன் இறந்துபோயிருந்தான். எல்லையில் கிடந்த ஓர் ஏரி யாருடையது என்று இரண்டு நாடுகளும் அடித்துக்கொண்டதில் அவன் மார்பில் வேல் பாய்ந்தது. ஏரியோ அந்தக் கோடையிலேயே வற்றிப்போனது. யாருக்கும் இல்லாமல் போயிற்று.

அரசருக்கு மிஞ்சியது ஒரு சுவர்தான். முகப்பு மண்டபத்துச் சுவரில் மகனைக் குதிரைமேல், தோளில் செம்பட்டு பறக்க, எழுதச் சொன்னார். ஓவியர்கள் அரக்கும், பதங்கம் என்ற மரத்தின் கட்டையில் எடுத்த சிவப்புச் சாறும் குழைத்துத் தீட்டினார்கள். பார்த்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஆனால் வெயில் அரசனையும் அறியாது, அரசன் மகனையும் அறியாது. பட்டு முதலில் ரோஜா நிறமானது, பிறகு வெளுத்த துணி நிறமானது. தினமும் காலையில் அரசர் அந்தச் சுவர் முன்னால் நின்றார். "என் பிள்ளைக்கு இரண்டாம் தடவை உயிர் போகிறது" என்றார். ஓவியர்கள் சிறைக்குப் போனார்கள்.

அப்போதுதான் தளவாய் மழவராயர் வாயைத் திறந்தார். படைக்குத் தலைவர் அவர். இளவரசனுக்குக் குதிரையேற்றமும் வாள்வீச்சும் சொல்லித்தந்தவர். ஆனால் பொழுது சாய்ந்தால் பையன் ஓடியது வெண்காடனிடம்தான். அந்த எரிச்சல் பிள்ளை இறந்த பிறகும் அவருக்குள் இறக்கவில்லை.

"பெருமானே, கோட்டைக்கு மேற்கே காவிக்குன்று இருக்கிறது. மரத்துச் சாயம் வெளுக்கும், மண்ணின் சாயம் வெளுக்காது. மேலாகக் கிடப்பது மங்கல், ஆழத்தில் இரத்தச் சிவப்பு. படத்துக்கு மட்டும் என்ன, கோட்டை முழுவதற்குமே பூசுவோம். எதிரி தூரத்திலிருந்து பார்த்தே குலை நடுங்கட்டும்!"

அரசர் தலையை அசைத்தார்.

அந்தக் குன்றைச் சுற்றியிருந்த சனங்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சுரண்டி வாழ்ந்தவர்கள். கோயில் மதிலுக்குப் பட்டை அடிக்க ஒரு கூடை, கோலத்துக்குக் கரை கட்ட ஒரு உருண்டை, குயவர் பானைக்குப் பூச ஒரு சட்டி, பரதேசிகள் வேட்டி தோய்க்க ஒரு பிடி என்று மேலாக எடுப்பார்களே தவிர, குன்றின் வயிற்றைக் கிழித்ததில்லை. தளவாய் கிழிக்கச் சொன்னார். ஐப்பசி மழை பிடித்தது. வேலையை நிறுத்தலாமா என்று கேட்டவனுக்குச் சவுக்கடி விழுந்தது. ஒரு நாள் குழி சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

மறுநாள் கொட்டும் மழையில் ஒரு பெண் வெண்காடன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் சேலையிலிருந்து வடிந்த தண்ணீர் வாசல்படியில் சிவப்பாக ஓடியது. வெண்காடனின் மனைவி ஆவுடை பதறிப்போய், அடிபட்டிருக்கிறது என்று எண்ணி ஓடினாள்.

"அடி ஒண்ணும் இல்லீங்கம்மா, குன்னத்து மண்ணு. கையாலே தோண்டிப் பார்த்தேன்" என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் காத்தாயி. "எங்க வீட்டுக்காரரு உள்ளே கிடக்காரு. பொணத்தையாவது எடுத்துக்கிறோம்னு கேட்டோம். தளவாய் ஐயா, சரிஞ்ச குழியை விடு, அடுத்த குழியை வெட்டுன்னுட்டாரு."

"நான் என்ன தாயே செய்ய முடியும்? நான் கோமாளி" என்றான் வெண்காடன்.

"ராசாகிட்ட அனுமதி கேட்காம வாய் திறக்கிறவரு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தருதானாம். அவரைச் சிரிக்க வைக்க வேணாம் சாமி. காது குடுக்க வைங்க, போதும்."

வெண்காடன் அன்று சாப்பிடவில்லை. ஈரத் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு சபைக்குப் போனான்.

"வெண்காடா, உன்னை யாரும் அழைக்கவில்லையே" என்றார் அரசர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"துக்கம் விசாரிக்க அழைப்பு எதற்கு, அரசே?"

"என் மகன் போய் வருஷம் திரும்பிவிட்டது."

"இது வேறு துக்கம். காவிக்குன்றில் குழி சரிந்து ஆட்கள் மண்ணோடு போய்விட்டார்கள்."

அரசர் தளவாயைப் பார்த்தார். தளவாய் அசையவில்லை. "மழைக்காலத்தில் இவ்வாறு நேர்வதுண்டு, பெருமானே. இன்னும் சற்று ஆழம் போனால் இரத்தச் சிவப்பு கிடைத்துவிடும்."

"கிடைத்துவிட்டது தளவாயாரே. இரத்தச் சிவப்புதானே தேடினீர்கள்? குழிக்குள் நிறைய இருக்கிறது. அள்ளத்தான் ஆளில்லை" என்றான் வெண்காடன்.

மழவராயர் முகம் கறுத்தது. "கேட்டீர்களா பெருமானே! ஆயுதசாலையில் வாள்களும் வேல்களும் ஒரு வருஷமாகச் சும்மா கிடக்கின்றன. கோட்டை சிவந்த மறுநாளே படை எடுத்துச் சென்று இளவரசருக்குப் பழி தீர்க்கக் காத்திருக்கிறேன். இந்த விகடர் குறுக்கே நிற்கிறார். குன்று வேண்டாம் என்றால், சிவப்பை இவரே கொண்டுவரட்டும். மண்ணில் தோண்டியதாக இருக்கக்கூடாது. மரம், இலை, பூவில் பிழிந்ததாக இருக்கக்கூடாது. பூச்சி, புழுவில் எடுத்ததாகவும் இருக்கக்கூடாது. வெயிலில் வெளுக்கவோ மழையில் கரையவோ கூடாது. முடியாவிட்டால், அடுத்த குழியில் முதல் கூடையோடு இவர் இறங்கட்டும்!"

அப்படி ஒரு சிவப்பு உலகத்தில் உண்டா என்று அரசர் யோசிக்கவில்லை. யோசிக்கும் தெம்பு அவருக்கு இல்லை. "கார்த்திகைத் தீபம் வரை தவணை. என்ன சொல்கிறாய் வெண்காடா?" என்றார்.

"அதுவரை குன்றில் மண்வெட்டி விழக்கூடாது, அரசே. அப்புறம், வெறுங்கையால் முழம் போட முடியாது. ஏதாவது பொருள் வேண்டுமே."

"அரண்மனையில் சும்மா கிடப்பது எதுவானாலும் எடுத்துக்கொள்" என்று சொல்லி, முத்திரை மோதிரத்தைக் கழற்றி எறிந்தார்.

வீட்டுக்கு வந்தவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன்தான். நாட்கள் போயின. மழையும் விடவில்லை. ஒரு காலையில் ஆவுடை அவனுடைய தலைப்பாகையைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஈரத் துணியை அந்த ஆணியிலே மாட்டாதீங்கன்னு. பாருங்க, துருக்கறை. உவர்மண் போட்டாச்சு, எலுமிச்சம்பழம் தேய்ச்சாச்சு, வெயில் தலைகாட்டினப்போ காயப்போட்டாச்சு. வண்ணாத்தி கையெடுத்துக் கும்பிட்டுட்டா. துணி கிழிஞ்சாலும் கறை போகாதாம்."

வெண்காடன் தலைப்பாகையைக் கையில் எடுத்தான். கறையையே வெகுநேரம் பார்த்தான். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. ஏனென்றால் வழி தெரிந்த அந்தக் கணத்திலேயே, அது எந்தக் கதவுக்குக் கொண்டுபோகிறது என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆயுதசாலை இரும்பை என்ன செய்யப்போகிறான் என்று ஆவுடையிடம் சொன்னான். அவள் மெதுவாகக் கேட்டாள்: "துருதானே வேணும்? நம்ம வீட்டு ஓட்டை வாணலி போதாதா? ஊர்லே உடைஞ்ச கலப்பைக் கொழு இல்லையா?"

"வாணலியிலும் துரு வரும் ஆவுடை. சுவரும் சிவக்கும். மறுநாள் வாள்கள் பளபளவென்று எல்லைக்குப் போகும். குணவீரன் கிளம்பின அன்று என்னிடம் வந்தான். 'ஒரு கதை சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே போகிறேன்' என்றான். சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் போனான்."

"உங்க தலை போயிட்டா?"

"போனால் தலைப்பாகைக் கறைக்காக நீ என்னைத் திட்ட வேண்டிய வேலை மிச்சம்."

ஆவுடை அழுதாள். ஆனால் தடுக்கவில்லை.

தளவாய் மழவராயர் அப்போது ஊரிலேயே இல்லை. வெண்காடன் எப்படியும் திருட்டுத்தனமாகக் குன்றத்து மண்ணைத்தான் அள்ள வருவான், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, குன்றைச் சுற்றிக் கூடாரம் அடித்து மழையில் நனைந்துகொண்டு காவல் கிடந்தார். எறும்பு மண் தூக்கிப் போனாலும் வழிமறித்தார் என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

வெண்காடன் நேரே ஆயுதசாலைக்குப் போய் மோதிரத்தைக் காட்டினான்.

"என்ன வேண்டும் ஐயா?" என்று கேட்டார் காவல் அதிகாரி.

"இங்கே இருக்கும் வாள்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன?"

"என்ன செய்யும்? சும்மாதான் கிடக்கின்றன."

"தளவாயும் சபையில் அதையேதான் சொன்னார். சும்மா கிடப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லி அரச ஆணை. முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லும்."

மோதிரத்துக்கு எதிர்ப்பேச்சு உண்டா? வாள்கள், வேல்முனைகள், கட்டாரிகள் எல்லாம் கூரையில்லாத முற்றத்துக்கு வந்தன. குன்றில் வேலை நின்றுபோன சனங்களைக் காத்தாயி அழைத்து வந்தாள். எண்ணெய் பூசி வைத்திருந்த இரும்பைச் சாம்பல் போட்டுத் துடைத்தார்கள். உப்புத் தண்ணீரையும் புளித்த காடியையும் மேலே தெளித்தார்கள். மற்றதை மழை பார்த்துக்கொண்டது. இரும்பு முதலில் மங்கியது, பிறகு பூத்தது, பிறகு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து மறுபடி பூத்தது.

ஆனால் சேர்ந்த பொடி சிவப்பாக இல்லை. ஈர மஞ்சளும் பழுப்புமாக, பார்க்கவே சகிக்காமல் இருந்தது. வெண்காடன் அதைச் சட்டியில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். தீபத்துக்கு அதிக நாள் இல்லை.

காத்தாயி ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். "எங்க குன்னத்திலேயும் மஞ்சக் காவி உண்டு சாமி. செவப்பு அகப்படாத வருசம் அதைத்தான் சட்டியிலே போட்டு வறுப்போம். தீயிலே செவந்துடும். இதுவும் அதோட சாதியாத்தான் தெரியுது. சுட்டுப் பார்ப்போமே."

உப்புப் போக நீரில் பலமுறை அலசிக் காயவைத்து, மண்சட்டியில் கொட்டி, விறகை மூட்டினார்கள். அவள் துடுப்பால் கிளறிக்கொண்டே இருந்தாள். சட்டிக்குள் மஞ்சள் மெல்ல மெல்ல முகம் மாறியது. வெந்து இறங்கியபோது சட்டி நிறைய நல்ல சிவப்பு. காத்தாயி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவுக்குத்தானா அத்தனை பேரு உள்ளே போனாங்க?" என்று கேட்டாள்.

மோதிரத்தைக் காட்டிச் சிறையிலிருந்த ஓவியர்களையும் அழைத்து வந்தான். அவர்களும் அங்கே சும்மாதானே கிடந்தார்கள்! ஈரச் சுண்ணத்தின்மேல் அந்தச் சிவப்பைப் பிசின் நீரில் குழைத்துத் தீட்டினார்கள்.

கார்த்திகைத் தீபத்தன்று காலையில் முகப்பு மண்டபத்தில் சபை கூடியது. அரசர் சுவரைப் பார்த்தார். அரக்கின் மினுக்கு இல்லாத, ஆழமான, அடங்கிய சிவப்பு. மகன் தோளில் பட்டு பறந்தது. அரசர் கையை நீட்டி, தொடாமலே மடக்கிக்கொண்டார்.

குன்றிலிருந்து ஓடிவந்த மழவராயர் ஒரு குடம் தண்ணீரைச் சுவரில் வீசினார். தண்ணீர் தெளிவாகவே வழிந்தது. எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்தார். பழம் தேய்ந்தது. "வெயிலில் வெளுக்கும்!" என்றார். வெண்காடன் தலைப்பாகையை அவிழ்த்துக் கறையைக் காட்டி, "இதை வெளுத்துக் காட்டுங்கள். என் மனைவி உங்களுக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருப்பாள்" என்றான்.

"அப்படியானால் குன்றில் திருடியது!"

"குன்றில் காவல் இருந்தது தாங்கள்தானே?"

"வெண்காடா, எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேட்டார் அரசர்.

"தளவாய் சொன்ன இடத்தில்தான் அரசே. ஆயுதசாலையில் சும்மா கிடந்தது."

மழவராயர் ஓடினார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு வாள் இருந்தது. வாள் என்று சொல்ல வேண்டுமே என்று சொல்கிறேன். பிடியைத் தவிர மற்றதெல்லாம் செல்லரித்த ஓலைபோல இருந்தது. "அத்தனையும் போச்சு! ராஜதுரோகம்! மேலும் இரும்பும் மண்ணிலிருந்து வந்ததுதான். நிபந்தனையை மீறிவிட்டான்!" என்று அலறினார்.

"அப்படியா தளவாயாரே? இத்தனை காலம் நம் படையை மண்கட்டியோடு சண்டைக்கு அனுப்பினேன் என்று அரசரிடம் சொல்கிறீர்களா?" என்றான் வெண்காடன்.

அரசர் அந்த வாளை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். அப்பளம் நொறுங்குவதுபோல நொறுங்கியது.

"ஏன் செய்தாய்?"

வெண்காடன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இரும்புக்கு எப்போதும் சிவக்கத்தான் ஆசை, அரசே. ஒரு மனிதனுக்குள் இறங்கினால் கணத்தில் சிவக்கும். சும்மா விட்டால் மெதுவாகத் தானே சிவக்கும். முதல் வழியில் நம் பிள்ளை போய்விட்டான். நான் இரண்டாவது வழியைப் பார்த்தேன்."

'நம் பிள்ளை' என்று சொல்லிவிட்டது பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பெருமானே, இவன் தலையை வாங்க உத்தரவிடுங்கள்! படையெடுப்பு என்ன ஆவது?" என்றார் தளவாய்.

அரசர் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். கண் அவருடைய இடுப்பில் வந்து நின்றது. "தளவாயாரே, உம்முடைய வாள் சும்மா கிடக்கவில்லை, இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் தப்பித்துவிட்டது. நாட்டுக்கே மிச்சம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. வேண்டுமானால் நீர் மட்டும் போய்ப் படையெடுத்து வாருமேன்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். பிறகு சிரித்தார். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவு திறப்பதுபோல முதலில் கிரீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் தோள் குலுங்கச் சிரிப்பு. சபையும் சேர்ந்து சிரித்தது. ஆனால் பாதியில் அரசரின் சிரிப்பு வேறொன்றாக மாறியதைக் கண்டு எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மழவராயர் தலை குனிந்து வெளியேறினார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

அரசர் முத்துமாலையைக் கழற்றினார். வெண்காடன் கைகூப்பினான். "மாலை வேண்டாம் அரசே. படைவீரர்கள் இனிமேல் சும்மா இருப்பார்கள் அல்லவா? அவர்கள் கையில் மண்வெட்டி கொடுங்கள். காவிக்குன்றில் கிடப்பவர்களை எடுத்து, குழியை மூட வேண்டும்."

அரசர் தாமே குன்றுக்கு வந்தார். மழை விட்டிருந்தது. வீரர்கள் பகல் முழுவதும் தோண்டினார்கள். எடுத்துக் கிடத்தப்பட்டவர்கள் எல்லோரும் தலையோடு கால் ஒரே சிவப்பாக இருந்தார்கள். யார் யாரென்று தெரியவில்லை. பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு முகமாகக் கழுவிப் பார்த்தார்கள். மூன்றாவது முகத்தருகே காத்தாயி உட்கார்ந்துவிட்டாள்.

அரசர் அவளிடம் போனார். "அம்மா, உன் கணவனையும் என் மகன் பக்கத்தில் சுவரில் எழுதச் சொல்கிறேன். பெயர் என்ன?"

"சுவரு எதுக்குங்க? அவரு முகம் எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"பெயராவது சொல்."

கட்டியவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு முதல் தடவையாகச் சொன்னாள்: "மண்ணாங்கட்டிங்க."

பின்னால் நின்ற பணியாள் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். வெண்காடன் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் கை தானே கீழே இறங்கியது.

"முன்னாடி பிறந்த பிள்ளைங்க எல்லாம் தங்கலியாம். எமன் இதையாவது திரும்பிப் பார்க்காம போகட்டும்னு எங்க மாமியா வச்ச பேரு" என்றாள் காத்தாயி.

அரசர் அவள் எதிரில் ஈர மண்ணில் உட்கார்ந்தார். பட்டு வேட்டி சிவந்தது. பிறகு சொன்னார்: "எங்களுக்கும் முன்னே மூன்று தங்கவில்லை, குணவீரன்தான் நாலாவது, தாயே. நாங்கள் வீரன் என்று வைத்துவிட்டோம்."